இத்தா வீட்டில் வாங்கிய சம்மதம்

சென்னை
12.2.2004

அன்புள்ள மதீனா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் சிக்கந்தர் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் துஆ செய்கிறேன். சின்னவனுக்குச் சளி விட்டதா?

போனிலேயே பேசலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போன் ஹாலில் இருக்கிறது, உன் மாமனாரும் ஹாலில்தான் இருக்கிறார். அதனால் இனிமேல் கடிதம்தான்.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பேராசிரியர் முதலில் கேட்டது, "ஜமாஅத்து சம்மதித்ததா?" என்றுதான். சம்மதித்தார்கள் என்றேன். நீ பக்கத்தில் இருந்து கேட்டதுதானே. மானிடவியல் படிக்கிறவள் வந்து மண்டை ஓட்டை அளப்பாள் என்று நினைத்திருந்தவர்கள், கம்பம் பள்ளத்தாக்கில் இளம் வயதில் புருஷனை இழந்த பெண்கள் ஏன் ரத்தம் பரிசோதிக்கப் போவதில்லை, போனால் வீடு என்ன செய்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி, பரிசோதனையும் மருந்தும் நம் பக்கத்துக்கே வர வேண்டும் என்று கேட்கப்போகிறோம் என்றதும் மனசு இளகிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். ஒரு வீட்டுச் சேதி அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்துல் அஜீஸ் மாமு மகன் கலீல் ரஹ்மான் மவுத்தானதை நீதான் சொன்னாய். டி.பி. என்றாய். முப்பது வயது ஆகவில்லை. குமுளியில் ஏலக்காய் எடுத்து வடக்கே கொண்டுபோய் மாதக்கணக்கில் தங்கி விற்று வந்தவர். அவர் மனைவி ஃபர்ஹீன் இப்போது இத்தாவில் இருப்பாள். நான்கு மாதம் பத்து நாள் அவள் வெளியே வர முடியாது, வெளி ஆண்கள் உள்ளே போக முடியாது. நான் மே மாதம்தான் வர முடியும். நீ போய் அவளிடம் பேசுவாயா? பெயர் எங்கேயும் வராது. இத்துடன் சம்மதத் தாள் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசித்துக் காட்டு. வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடு.

துஆவுடன்,
உன் ஷர்மின்

*

உத்தமபாளையம்
24.2.2004

என் அன்புத் தங்கை ஷர்மினுக்கு,

வஅலைக்கும் சலாம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் சளியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது உன் கழுத்து எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

படிக்கிறது நீ, வீடு வீடாக ஏறி இறங்குகிறது நான். நல்ல படிப்புதான் போ.

இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், தேவாரம் ஊர்ப் பெண். மடியில் பத்து மாதப் பிள்ளை, நஸ்ரின். துக்கம் கேட்க வருகிற பெண்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையை ஒரு தடவை தூக்கிவிட்டுத்தான் போகிறார்கள், அப்படி ஒரு சிரிப்பு.

நீ கொடுத்த தாளை முழுசாக வாசித்தேன். 'பேசப் பிடிக்கவில்லை என்றால் எந்த நேரத்திலும் எழுந்து போகலாம்' என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கனக்கா எந்திரிச்சுப் போக? இத்தா இருக்கேன். யார் வந்தாலும் இங்கனயேதான் உக்காந்திருக்கணும்."

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லவே முடியாத இடத்தில் இருக்கிறவளிடம் போய், வேண்டாம் என்றால் சொல் என்று கேட்டிருக்கிறோம். ஆனாலும் பேசினாள். பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது அவளுக்கு. டி.பி.க்குத் தேனியில் மருந்து வாங்கியதாகவும், கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது இவளைக் கூட்டிப் போகவில்லை என்றும் சொன்னாள். "கைப்பிள்ளையோட எதுக்குன்னு மாமா சொன்னாக" என்றாள்.

பேசிக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். ரெண்டு வருஷம் நிறையக் கொடுக்கணும் என்று ஆசை அவளுக்கு.

அன்புடன்,
மதீனா

*

சென்னை
8.3.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமே வேண்டும். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். விடுதிச் சாம்பாரைக் கொண்டுவந்து காட்டினால் நீ இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாய்.

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் தெரியுமா? "எங்கன எந்திரிச்சுப் போக" என்று அவள் சொன்னதைப் பெயர் சொல்லாமல் கருத்தரங்கில் வாசித்தேன். சம்மதம் என்றால் என்ன என்பதைப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறோம், ஒரு பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள் என்றார் பேராசிரியர். இதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதச் சொல்கிறார்.

நீ நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன், அக்கா. மதுரையில் என்ன சொன்னார்கள் என்பது ஜைத்தூன் மாமிக்குத் தெரிந்திருக்கும். கலீலைப் பெற்ற தாய் அல்லவா. தாளை அவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு மெல்லக் கேட்டுப் பார். வற்புறுத்தாதே.

மச்சானுக்கு சலாம்.

ஷர்மின்

*

உத்தமபாளையம்
30.3.2004

அன்புத் தங்கைக்கு,

சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

ஜைத்தூன் மாமி சொல்லிவிட்டார்கள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தாளை வாசித்து, உங்க வீட்டுச் சேதி இந்த வாசலைத் தாண்டாது மாமி என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். நல்லவேளை, வெங்காயம் இருந்தது, யார் வந்தாலும் சந்தேகம் வராது.

மதுரை டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டாராம். அந்த நோய்தான். எய்ட்ஸ். மனைவியையும் பிள்ளையையும் உடனே கூட்டி வாருங்கள், ரத்தம் பார்க்க வேண்டும் என்று அப்துல் அஜீஸ் மாமுவிடம் சொல்லியிருக்கிறார். இவர்கள் கூட்டிப் போகவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள், கடைத்தெருவில் பெயர் இருக்கிறது. மூன்று பேருக்குத்தான் தெரியுமாம். மாமு, மாமி, மவுத்தாப் போன கலீல். ஃபர்ஹீனுக்குத் தெரியாது.

"ஆத்தா மதீனா, இது உங்கிட்ட நான் வைக்கிற அமானிதம். அவளுக்குத் தெரிஞ்சா அவ அத்தா வீட்டுக்குத் தெரியும், தேவாரம் பூராத் தெரியும். எம் மக கல்யாணம் நின்னுபோகும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அமானிதமாக ஒப்படைத்ததைக் காக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

திரும்பும்போது பின்கட்டு வழியாகத்தான் வந்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. "அக்கா, போறீகளா? நாளைக்கும் வாங்க" என்றாள்.

ஷர்மின், வீட்டு ரகசியம் வீட்டுக்கு வெளியே போகாது என்று நாம் எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாத ரகசியமாக அது இருக்கும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் என்ன செய்யட்டும்? உடனே எழுது.

மதீனா

*

சென்னை
12.4.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்ததிலிருந்து தூக்கமில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் தொற்றியிருக்கலாம். அப்படியென்றால் பால் வழியாகப் பிள்ளைக்கும் போகலாம், இதுவரை போகாமல் இருந்தாலும் இனிப் போகலாம். இந்த மாதம் தாம்பரம் ஆஸ்பத்திரியில் அரசாங்கமே இலவசமாக மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் அவளுக்குத் தெரிய வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நாம் எப்படிச் சொல்வது? ஜைத்தூன் மாமி நம் கையெழுத்தை நம்பிச் சொன்னார்கள். அதை நாம் மீறினால் நாளைக்கே மற்ற எல்லாப் பெண்களும் கதவைச் சாத்திவிடுவார்கள், ஜமாஅத்தும் விரட்டிவிடும். ஒருத்திக்காக அத்தனை பேருக்கும் வரவேண்டிய மருந்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு இருக்கிறது. அதனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை நீ சொல்லாதே. மாமியையே சொல்ல வைக்க முடியுமா பார். பொதுவாகத் தெருப் பெண்களைக் கூட்டி இந்த நோயைப் பற்றிப் பேசு. அதைக் கேட்டு அவளாகவே யோசிக்கலாம்.

பொறுமையாக இரு, அக்கா.

ஷர்மின்

*

உத்தமபாளையம்
6.5.2004

தங்கைக்கு,

சலாம். சுகம். தெருவெல்லாம் எலெக்‌ஷன் மைக் சத்தம், பிள்ளைகள் தூங்கவில்லை.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். மாமியிடம் மூன்று தடவை கெஞ்சினேன். "இத்தா முடியட்டும், அவ ஊருக்குப் போகட்டும், அங்கன போய் அவுக பாத்துக்கிடட்டும்" என்கிறார்கள். அவர்கள் கணக்கு புரிகிறதா? இங்கிருந்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது. தேவாரத்தில் இவளைப் பெற்ற அத்தா அதற்குள் வேறு மாப்பிள்ளைகூடப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தது கூட்டம். மாமி வீட்டுப் பின்கட்டிலேயே தெருப் பெண்களை உட்கார வைத்தேன். ஃபர்ஹீன் அவள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். நீ அனுப்பிய படங்களைக் காட்டி, இந்த நோய் புருஷனிடமிருந்து பெண்ணுக்கு வரும், அவள் பாலிலிருந்து பிள்ளைக்கு வரும் என்று விளக்கினேன். ஜைத்தூன் மாமி எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் போன பிறகு திரையை விலக்கி ஃபர்ஹீன் எட்டிப் பார்த்தாள்.

"பாவம்க்கா அந்தப் பொம்பளைக. புள்ளைக்குக் குடுக்குற பாலே விஷமாப் போனா என்ன செய்வாக?" என்றாள்.

நான் டீ கிளாஸ்களைப் பொறுக்கினேன். ஷர்மின், உன் குழு என்ன சொன்னது?

மதீனா

*

உத்தமபாளையம்
2.6.2004

ஷர்மினுக்கு,

சலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மே மாதம் வருகிறேன் என்றாய், வரவும் இல்லை. பரீட்சையா, உடம்பு சரியில்லையா? எதுவாக இருந்தாலும் ஒரு கார்டு போட உன்னால் முடியாதா?

நஸ்ரினுக்கு வயிற்றுப்போக்கு விடவே மாட்டேன் என்கிறது. பல் முளைக்கிறது என்கிறார்கள். இத்தா முடியப்போகிறது. குழு என்ன சொன்னது என்று மட்டும் எழுது.

மதீனா

*

சென்னை
14.6.2004

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். மன்னித்துக்கொள். நலமாகத்தான் இருக்கிறேன். மே மாதம் டில்லியில் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது, அதனால் வர முடியவில்லை.

குழுவுக்குப் போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலையில்தான் கூடுவார்களாம். அதுவரை பொறு. வேறு ஏதாவது சொல்லி அவளை ரத்தம் கொடுக்க வைக்கலாமா என்றும் யோசித்தேன். என்னவென்று சொல்லாமல் ஒருவர் ரத்தத்தைப் பரிசோதிப்பது அதைவிடப் பெரிய தவறு.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அக்கா.

ஷர்மின்

*

உத்தமபாளையம்
9.7.2004

ஷர்மினுக்கு,

சலாம். அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

போன வாரம் எழுதிக் கொடுத்தேன் என்கிறாய். ஏப்ரலிலேயே கேட்டுவிடுவதாக அல்லவா எழுதியிருந்தாய்? குழு என்ன சொன்னது, குழு என்ன சொன்னது என்று நான் இங்கே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீ கேட்கவே இல்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. கேட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாய்.

நான் சொல்லிவிட்டேன், ஷர்மின்.

இத்தா முடிந்து, அவள் அத்தா வீட்டிலிருந்து புதுச் சேலையோடு வந்து கூட்டிப் போனார்கள். துணைக்கு நீயும் போ என்று மாமியே என்னை அனுப்பினார்கள். வழியில் ஏதும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கோம்பை, பண்ணைப்புரம் என்று ஒவ்வொரு ஊராக எட்டிப் பார்த்து, பிள்ளைக்கு மாட்டைக் காட்டினாள், ஆட்டைக் காட்டினாள். அப்போது என்னால் முடியவில்லை.

தேவாரத்தில் சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் முன்னால் இருந்தார்கள். இவள் உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கலீலுக்கு வந்தது வெறும் டி.பி. இல்லம்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அன்னைக்குக் கூட்டத்துல நீங்க சொன்ன பொம்பள நாந்தானாக்கா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். விரலைப் பிள்ளையின் வாயோரம் விட்டு மார்பிலிருந்து விலக்கினாள். பிள்ளை வீறிட்டது. "ஆத்தா ஃபர்ஹீன், ஏன் புள்ளைய அழ விடுற? பாலைக் குடு" என்று வெளியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார்கள். இவள் முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பிள்ளையை என் மடியில் போட்டாள். அது என் நெஞ்சில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதது. அந்த அழுகை என்னை இன்னும் விடவில்லை.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?" என்றாள்.

"போன வாரந்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

விஷயம் இங்கே வந்து சேர நேரமாகவில்லை. அப்துல் அஜீஸ் மாமு வாழைக்காய் மண்டியில் எங்களோடு இருந்த கூட்டை முறித்துக்கொண்டார். உன் மச்சான் என்னோடு பேசுவதில்லை. நான் போன வீடுகளில் எல்லாம் இப்போது 'தொழுதுகொண்டிருக்கிறார்கள்', 'தூங்குகிறார்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நீ பயந்தது எல்லாம் நடந்துவிட்டது. பயந்து தள்ளிப்போட்டதால் ஒன்றும் குறையவில்லை.

அவளைத் தாம்பரத்துக்குக் கூப்பிடு. அதையாவது செய்.

மதீனா

*

சென்னை
24.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதையாவது வாசி.

குழு ஜூலைக் கடைசியில் கூடியது. உயிருக்குக் கேடு இருக்கும் இடத்தில் ரகசியம் காக்க வேண்டியதில்லை, சொல்லத்தான் வேண்டும் என்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அவசரம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே கூடியிருப்போமே என்றார் தலைவர். நீ எழுதியது சரி. நான் பயந்தேன். மாமு வீட்டோடு மண்டியில் கூட்டு இருந்ததை நீயும் ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஃபர்ஹீனும் அவள் அத்தாவும் தாம்பரம் வந்தார்கள். நான் கூடவே இருந்தேன். அவளுக்கு இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆனால்தான் நிச்சயமாகத் தெரியும் என்று காத்திருந்து, இந்த வாரம் பார்த்தார்கள். நஸ்ரினுக்கும் இருக்கிறது, அக்கா.

கடைசியாகக் கொடுத்த பாலில் வந்ததா, அதற்கு முன்பேயா என்று டாக்டரிடம் கேட்டாள். அதைச் சொல்லவே முடியாது என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பிறக்கும்போதேகூட வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். பிள்ளைகளுக்கென்று தனி மருந்து இல்லை, பெரியவர்கள் மாத்திரையைத்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும். அவள் அத்தா வராந்தாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

இன்னொன்று. அவளைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை அவள் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பதால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஜைத்தூன் மாமி உன்னிடம் சொன்ன மாதம் அதில் இருந்தது. நீ அவளிடம் சொன்ன பொய் எனக்கு ஞாபகம் இருந்தது. மாதத்தை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

"மார்ச்சுலயேவா?" என்றாள். சம்மதத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்து எழுதுகிறேன் என்று போய்விட்டாள்.

ஷர்மின்

*

உத்தமபாளையம்
16.11.2004

ஷர்மினுக்கு,

சலாம். பெருநாள் வந்து போனது.

பெருநாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கவுனும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு தேவாரம் போனேன். அவள் அம்மா வாங்கி வைத்துக்கொண்டு வட்டிலப்பம் கொடுத்தார்கள். ஃபர்ஹீன் உள்ளேயே இருந்தாள். பிள்ளை மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. நடக்கிறது இப்போது. என் சேலையைப் பிடித்து நின்று சிரித்தது. உள்ளேயிருந்து, "நஸ்ரின், இங்கன வா" என்று ஒரே சத்தம். பிள்ளை திரும்பிப் போய்விட்டது, கதவும் சாத்திக்கொண்டது.

நீ மாதத்தை மாற்றியிருக்கலாம். ஏப்ரலில் குழுவுக்கு எழுத வராத கை உனக்கு, அக்டோபரில் மாற்ற வரவில்லை. என்றைக்காவது உன்னை மன்னிப்பேனாக இருக்கும், நீ என் தங்கை. இன்றைக்கு முடியவில்லை. என்னை நானே மன்னிக்க முடியாதபோது உனக்கு என்ன கொடுப்பது?

மண்டிக் கூட்டு பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், அதுவும் என் மனசில் இருந்தது. அமானிதம் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதீனா

*

தேவாரம்
3.12.2004

ஷர்மின் அக்காவுக்கு,

ஃபர்ஹீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அத்தாவுக்குத்தான் முடியவில்லை. நான் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். நஸ்ரினுக்கு மாத்திரையை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள். மூக்கைப் பிடித்துத்தான் கொடுக்கிறேன். அப்போது என்னை அடிப்பாள். வாங்கிக்கொள்வேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டியதை யோசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். நான் சிரித்ததைக்கூட எழுதியிருந்தீர்கள். மாமியார் மேல் எனக்கு இப்போது கோபம் குறைந்துவிட்டது. அவர்கள் மகளுக்காகச் செய்தார்கள். நானும் ஒரு மகளை வைத்திருக்கிறேன். மதீனா அக்கா மேல்தான் தீரவில்லை. அவர்கள் வருகிற நாளுக்காகத்தான் அந்த அறையில் காத்திருப்பேன். உங்கள் மேல் என்ன என்று எனக்கே தெரியவில்லை. உங்களை ஆஸ்பத்திரியில்தான் முதல் தடவை பார்த்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அத்தா வேண்டாம் என்கிறார். எழுதினால் ஊர் அறிந்துவிடும் என்று பயம். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தேன். நம் பக்கத்துப் பெண்கள் அதில் மூன்று பேர் இருந்தார்கள், முகத்தை மூடிக்கொண்டு. ஒருத்தி மடியில் பால் குடிக்கிற பிள்ளை. அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை, நான் போய்ச் சொன்னேன். அதனால் எழுதுங்கள்.

என் நிக்காஹ்வில் சம்மதமா என்று கேட்டு வந்தபோது அம்மா என் தலையைப் பிடித்து ஆட்டினார்கள். இந்தச் சம்மதத்தை நானே எழுதுகிறேன். என் பெயரையும் என் மகள் பெயரையும் மாற்றிவிடுங்கள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் பெயரையும் மதீனா அக்கா பெயரையும் மாற்றக் கூடாது. உங்களுக்கு எந்த மாதம் தெரிந்தது, எந்த மாதம் குழுவிடம் கேட்டீர்கள், எனக்கு எந்த மாதம் சொன்னீர்கள், அவ்வளவும் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் எனக்குப் பால் சுரந்துகொண்டிருந்தது என்றும் எழுத வேண்டும்.

இதற்கு நீங்கள் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்த பிறகுதான் என் தாள் உங்களுக்கு வரும்.

வஸ்ஸலாம்.

ஃபர்ஹீன்